யாருக்காக இந்தப் பிரயாணம்?

‘எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்’ என்று சொல்லாத பெற்றோரை நாம் இதுவரை கண்டதில்லை. வீடு வாங்குவதும் பிள்ளைகளுக்காக. விருந்து வைப்பதும் பிள்ளைகளுக்காக. கடன்பட்டுக் காது குத்துவதும் பிள்ளைகளுக்காக. காது வலிக்கிறதென்று அழும் குழந்தையை மாத்திரம் ஒருவரும் கலந்து கொள்வதில்லை. இச்சொல் எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் நம் ஆசையின்மீது நாமே போர்த்தும் போர்வை என்பதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு ஒன்று அண்மையில் நமக்குக் கிட்டியது. அதனை வாசக அன்பர்கள்முன் வைத்து, அதனின்று எழும் கேள்விகளைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

நம் நண்பர் ஒருவர் தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர். அவருடைய பாட்டனார் பால்மரம் வெட்டியவர். பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு, மனைவி மக்களுடன் ஆப்பிரிக்கக் கண்டத்துக்குச் சென்று, அங்கே வனவிலங்குகளைக் கண்டுவர வேண்டுமென்று அவர் தீர்மானித்தார். மூத்தது பெண், வயது ஏழு. இளையது பையன், வயது இரண்டு. கெனியா நாட்டு மாசாய் மாராவில் தொடங்கி, டான்சானியா நாட்டின் செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ, தாரங்கீரே ஆகியவற்றைப் பத்தே நாட்களில் பார்த்துத் திரும்புவதென்று திட்டம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்னும் ‘ஐம்பெரு விலங்குகள்’ ஐந்தையும் பார்த்தே தீருவதென்று ஒரு பட்டியலும் எழுதியிருந்தார். ஆடி மாதத்தில் புறப்பாடு.

அவருடைய பாட்டியார் எண்பத்தெட்டு வயதினர். ‘ஆடியிலே பிரயாணம் ஆகாது’ என்று அவ்வம்மையார் தடுத்தாராம். நண்பர் இதனை நகைத்துக்கொண்டே நம்மிடம் சொன்னார். ‘மூடப் பழக்கத்தை எதிர்த்து எழுதுபவர்களாயிற்றே, நீங்களாவது அவருக்கு எடுத்துச் சொல்லக்கூடாதா?’ என்று கேட்டார். நாமும் ஒப்புக்கொண்டோம். அங்கே சென்றபின் நிகழ்ந்ததைப் பின்னர்க் கூறுவோம்.

‘சபாரி’ என்னும் சொல் சுவாஹிலி மொழியில் பிரயாணம் என்றே பொருள்படும். ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லினின்று அது பிறந்தது. பொருள் தேடித் தூரதேசம் செல்பவரை நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் ‘சபராளி’ என்றழைப்பதும் அச்சொல்லைக் கொண்டே. எனவே அது நமக்கு முற்றும் அந்நியமான சொல்லன்று. ஆனால் ஐரோப்பியரும் அமெரிக்கரும் அதனை எடுத்தாண்டபோது, பிரயாணம் என்னும் பொருள் வேட்டை என்று குறுகிற்று. நண்பர் எழுதிவைத்த ‘ஐம்பெரு விலங்குகள்’ என்பதும் வேட்டைக்காரர் வழக்கே. கால்நடையாகச் சென்று சுடுவதற்கு மிக அபாயமானவை எவையோ அவற்றையே அவ்வாறு எண்ணினர். அழகாலோ அரிதாலோ அமைந்த வரிசையன்று அது.

இரண்டு தந்தையரை இங்கே நினைவு கூர்வோம். அமெரிக்க நாட்டின் தலைவர் பதவியினின்று நீங்கிய தியோடர் ரூசவெல்ட் 1909-ஆம் ஆண்டு தம் மகன் கெர்மிட்டை அழைத்துக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். தந்தையும் மகனுமாக அவர்கள் சுட்டுவீழ்த்திய உயிர்கள் 512 என்று அவரே கணக்கெழுதி வைத்தார். அவை பொருட்காட்சிச் சாலைக்கென்று கொல்லப்பட்டன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, பிராங்பர்ட் நகர மிருகக் காட்சிசாலையின் தலைவர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக் என்பவரும் தம் மகன் மைக்கேலும் செரெங்கெட்டி வெளியின்மீது வரிக்குதிரைபோல் கோடு தீட்டிய சிறிய விமானத்தில் பறந்து, கீழே மேயும் விலங்குகளை எண்ணினர். காப்பாற்றுவதற்காக எண்ணினர். 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு கழுகு மோதி விமானம் வீழ்ந்து மைக்கேல் மாண்டார். இங்கோரோங்கோரோ மலைவாயின் விளிம்பில் அவரைப் புதைத்தனர். 1987-இல் இறந்த தந்தையின் சாம்பலும் அங்கேயே மகனருகே வைக்கப்பட்டது. கெனியா நாடு 1977-ஆம் ஆண்டில் வேட்டையையே தடுத்துவிட்டது.

முதல் தந்தை எடுத்துவரச் சென்றார். இரண்டாமவர் விட்டுவைக்கச் சென்றார். இவ்வேற்றுமை பெரிது. ஆயினும் இருவருக்கும் பொதுவான ஒன்றுண்டு. கெர்மிட்டுக்கு அப்போது வயது 19. மைக்கேல் இறந்தபோது வயது 24. அபாயம் இன்னதென்று அறிந்து, தாமே விரும்பிச் சென்ற வாலிபர்கள் அவர்கள். நம் நண்பரின் இரண்டு வயது மகனையோ, ‘வருகிறாயா?’ என்று கேட்டால் உடனே தலையாட்டுவான். கடைத்தெருவுக்கா, கண்டம் கடந்தா என்பதை அவன் அறியான். சம்மதிக்க இயலாத ஒருவனுக்காக நாம் சம்மதிக்கும்போது, நமக்கு எவ்வளவு உரிமை உண்டு, எவ்வளவு பொறுப்பு உண்டு என்பதே இங்குள்ள கேள்வி.

‘இரண்டு வயதுக் குழந்தை ஒன்றையும் நினைவில் வைக்கப் போவதில்லையே, பிறகு எதற்கு இந்தச் செலவு?’ என்று சிலர் கேட்பர். நம்மில் எவருக்கும் மூன்று வயதுக்கு முந்திய நினைவு அநேகமாக இல்லை என்பது மெய்யே. ஆனால் நினைவில் நில்லாதது வீண் என்று சொல்லலாகாது. தாய்ப்பால் குடித்ததை யார் நினைவு வைத்திருக்கிறார்? அதனால் வளர்ந்த உடம்பைத்தானே சுமந்து திரிகிறோம். எனினும் அவ்வயதில் குழந்தைக்கு நன்மை செய்வன மடியும், உறக்கமும், வேளைக்கு உணவும், பழகிய முகங்களுமேயாம். சிங்கம் இருபது முழத் தொலைவில் படுத்திருக்க, அக்குழந்தை வண்டியின் கண்ணாடியில் ஊரும் எறும்பைப் பார்த்துக் கைகொட்டும். அதன் கண்ணுக்கு எறும்பும் அதிசயந்தான். அதற்கென்று ஆப்பிரிக்கா வேண்டியதில்லை.

ஆகவே சிறுவனை அழைத்துச் செல்வது சிறுவனுக்காக அன்று. குடும்பம் பிரியாமல் ஒன்றாகச் செல்ல வேண்டுமென்னும் பெற்றோரின் ஆசைக்காக. இதில் குற்றமொன்றும் இல்லை. உழைத்துக் களைத்த தாய்தந்தையர் ஓர் இன்பத்தை விரும்புவது பாவமா? குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. நம் இன்பத்துக்குக் குழந்தையின் பெயரை இட்டு அழைத்தோமானால், அதனால் வரும் அபாயத்தையும் குழந்தையின் கணக்கிலேயே எழுதிவிடுவோம். ‘அவனுக்காகத்தானே போனோம்’ என்போம். ‘இது எங்கள் ஆசை’ என்று நேர்மையாக ஒப்புக்கொண்டவரோ, ‘எங்கள் ஆசைக்காக அவன் எவ்வளவு சுமக்கலாம்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டே தீரவேண்டும்.

இனிப் பாட்டியாரிடம் சென்ற கதைக்கு வருவோம்.

ஆடியைப்பற்றி நாம் பேச எடுத்தோம். காலம் எல்லாம் ஒன்றே, மாதங்களில் நல்லது கெட்டது இல்லை என்று வழக்கம்போல் விளக்கினோம். அம்மையார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ‘ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை ஐயா. காய்ச்சல் ஊருக்கு அந்தச் சின்னப் பிள்ளையைக் கொண்டு போகவேண்டாம் என்றால் யார் கேட்கிறார்கள்? ஆடி என்றாலாவது ஒரு மாதம் தள்ளிப் போடுவானே என்று சொன்னேன்’ என்றார். ஜப்பானியர் ஆட்சியில், பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்திலே, அவருக்கு ஆறு வயது. தந்தையைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு வயதுத் தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொயினா கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் தம்பியின் உடம்பு சில்லிட்டது. ‘என் மடியிலேதான் ஐயா கிடந்தான், தூங்குகிறான் என்றே நினைத்தேன்’ என்றார். நாம் கொண்டுசென்ற வாதமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலைகுனிந்து எழுந்து வந்தோம்.

அம்மையார் சொன்னதில் எள்ளளவும் மிகையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023-ஆம் ஆண்டில் மலேரியாக் காய்ச்சலால் உலகில் மாண்டவர் ஏறக்குறைய 597,000 பேர். அவருள் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்கப் பகுதியினர். அப்பகுதியில் மாண்டவருள்ளும் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இம்மலாய் நாட்டிலும் ஒரு காலத்தில் நம்மவரைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போனது இந்நோயே. 1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் கொசுவை ஒழிக்க முற்பட்டபின்னரே, தோட்டங்களுக்கும் மெல்ல மெல்ல விமோசனம் பிறந்தது. இந்நாளில் தடுப்பு மாத்திரைகள் உண்டு. குழந்தையின் எடைக்குத் தக்க அளவில் மருத்துவர் தருவார். கொசுவலை உண்டு, பூச்சு மருந்து உண்டு. ஆயினும் இவற்றுள் எதுவும் முழுக் காப்பு ஆகாது. சிறு குழந்தைக்கு நோய் வந்தால் அது ஓரிரு நாளில் முற்றிவிடும். ஆதலால், கூடுமானவரை கைக்குழந்தைகளையும் சிறுவர்களையும் அக்காய்ச்சல் கடுமையாக உள்ள இடங்களுக்குக் கொண்டு செல்லாதிருப்பதே நலமென்று மருத்துவர் உரைக்கின்றனர்.

நாம் இங்கே ஓர் உண்மையைக் கற்றோம். அதனை மறைக்காமல் கூறுகிறோம். வழக்கம் வேறு, அனுபவம் வேறு. ‘ஆடி ஆகாது’ என்பது வழக்கம். ஏனென்று கேட்டால் அதற்கு விடையில்லை. ‘காய்ச்சலுக்கு அஞ்சு’ என்பது அனுபவம். ஏனென்று கேட்டால் அதற்கு ஒரு குழந்தையின் சாவு விடையாக நிற்கிறது. சீர்திருத்தம் பேசும் நம்மனோர் பலர் இவ்விரண்டையும் பிரித்தறியாமல், முதியோர் வாயினின்று வரும் அனைத்தையும் ஒரே கூடையில் அள்ளிக் கொட்டிவிடுகிறோம். பகுத்தறிவு என்பது பழையதை எறிவதன்று; பழையதைக் கேள்வி கேட்பது. நாமோ அம்மையாரைக் கேள்வி கேட்கவில்லை. அவருக்கு உபதேசம் செய்யப் போனோம்.

நண்பரின் பட்டியலில் இருந்த தாரங்கீரேயில் இதற்கொப்ப ஒன்று நடந்திருக்கிறது. ஆப்பிரிக்க யானைக் குடும்பத்துக்குத் தலைமை தாங்குவது களிறு அன்று. வயதில் மூத்த பெண்யானை. 1993-ஆம் ஆண்டில் அக்காட்டைக் கொடிய வறட்சி பீடித்தது. ஆராய்ச்சியாளர் கண்காணித்துவந்த மூன்று கூட்டங்களில் இருந்த 81 கன்றுகளில் 16 கன்றுகள் ஒன்பது மாதங்களுக்குள் மாண்டன. மற்றக் காலங்களில் நூற்றுக்கு இரண்டே மாளும். இரண்டு கூட்டங்கள் காட்டைவிட்டு வெளியேறி நீரும் தழையும் உள்ள இடத்துக்குச் சென்றன. அவற்றின் கன்றுகள் பெரும்பாலும் பிழைத்தன. அங்கேயே தங்கிய கூட்டந்தான் கன்றுகளை மிகுதியாக இழந்தது. 1958 முதல் 1961 வரை அங்கே ஒரு பெரும் வறட்சி வந்திருந்தது. அதனைக் கண்டறிந்த முதிய பெண்யானைகள் வெளியேறிய கூட்டங்களில் இருந்தன. தங்கிய கூட்டத்தில் அவ்வளவு வயதுடையது ஒன்றுமில்லை. முப்பதாண்டுக்கு முந்திய தாகத்தின் நினைவே கன்றுகளைக் காத்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். யானைகளுக்குப் பஞ்சாங்கம் இல்லை; பாட்டி உண்டு.

அப்படியாயின் குழந்தையுள்ளவர் ஆப்பிரிக்காவையே மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தவிர்க்கக்கூடிய அபாயம் வேறு. தவிர்க்க முடியாத அபாயம் வேறு. தென்னாப்பிரிக்காவில் மலேரியாக் காய்ச்சலே இல்லாத வனங்கள் உள. பிலானெஸ்பெர்க், மடிக்வே ஆகியன வடமேற்கு மாகாணத்தில் இருப்பவை. கிழக்குக் கேப் மாகாணத்தில் அட்டோ யானைக் காப்பகம் இருக்கிறது. 1931-ஆம் ஆண்டில் அட்டோவைத் தொடங்கியபோது அங்கே எஞ்சியிருந்தவை 11 யானைகளே. இன்று அறுநூற்றுக்கு மேல் இருக்கின்றன. சிங்கமும் காண்டாமிருகமும் காட்டெருமையும் அங்குண்டு. அதே யானையை அபாயமின்றிக் காட்டக்கூடிய இடம் இருக்கும்போது, பெயர்ப்புகழ் ஒன்றுக்காகக் காய்ச்சல் நிலத்துக்குத்தான் செல்வேன் என்று பிடிவாதம் செய்தால், அங்கே ‘பிள்ளைக்காக’ என்னும் சொல்லுக்கு இடமேது? கெனியாவுக்கே செல்ல நேர்ந்தவர்களோ, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னராவது போட்டுக்கொண்டு சான்றிதழ் பெறவேண்டும். திரும்பும்போது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதனைக் கேட்பார்கள். ஊர் வந்து மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு உடம்பு சுட்டால், ‘ஆப்பிரிக்கா சென்றிருந்தோம்’ என்பதையே மருத்துவரிடம் முதலாவதாகச் சொல்லவேண்டும்.

நாள் பார்ப்பதிலும் அறிவைச் செலுத்தலாம். ஆடி மாதம் பிலானெஸ்பெர்க், மடிக்வே பக்கங்களில் மழையற்ற குளிர்காலம். புல் தாழ்ந்திருக்கும், குட்டைகள் வற்றிவிடுவதால் எஞ்சிய நீர்நிலைகளுக்கு விலங்குகள் தாமே வந்து சேரும். நம் ஊரில் விலக்கிய மாதம் அங்கே மிகச் சிறந்த மாதமாகிறது! விடியற்குளிருக்குக் கம்பளிச் சட்டை மாத்திரம் மறவாதிருந்தால் போதும்.

அடுத்தது வேகத்தைப் பற்றியது. யானைக் கூட்டம் நடக்கும்போது கன்றின் நடைக்குத் தக்கவாறே பெரியவை நடக்கும். கன்று சேற்றில் சறுக்கினால் கூட்டமே நிற்கும். பிறந்து பல மாதங்கள்வரை கன்றுக்குத் தன் துதிக்கையை ஆளவும் தெரியாது. அதற்காக ஒரு யானையும் அதனைக் கடிந்து விரட்டுவதில்லை. நம் நண்பரின் திட்டமோ பத்து நாளில் நான்கு வனங்கள். நாள்தோறும் விடியலுக்குமுன் எழுச்சி. புழுதிப் பாதையில் ஐந்தாறு மணி நேரம் வண்டி. இது யாருடைய நடை? கன்றின் நடையா, களிற்றின் நடையா? சிங்கமே ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை படுத்துக் கிடக்கும் பிராணி. அதனைக் காணச் செல்லும் மனிதக் குட்டிக்குப் பகலுறக்கம் இல்லையென்றால் நியாயமா? ஓரிடத்தில் நான்கைந்து நாள் தங்குவதும், காலையில் இரண்டு மணி நேரம் சென்றுவந்து, வெயில் ஏறியபின் குழந்தைகளை விளையாடவும் உறங்கவும் விடுவதும் அறிவுடைமை. தங்குமிடத்துக்கு வேலி உண்டா, திறந்த வண்டியில் எத்தனை வயதுப் பிள்ளைகளை ஏற்றுவார்கள் என்று முன்னரே கேட்டறிவதும் வேண்டும். பல இடங்களில் ஆறு வயதுக்குட்பட்டவரைப் பொதுவண்டியில் ஏற்றுவதில்லை. கால்நடையாகச் செல்லப் பன்னிரண்டு வயது நிரம்பவேண்டும் என்பர். இவ்விதிகளைக் கண்டு பெற்றோர் சினப்பது உண்டு. ஒரு சிறு குரல் திடீரென்று வீறிட்டால் சிறுத்தை என்ன செய்யும் என்பதை அறிந்தவர் வகுத்த விதிகள் அவை. இன்னொன்றும் சொல்லவேண்டும். இத்தகைய பிரயாணங்களில் தந்தை படம்பிடிப்பார். தாய் பால்புட்டி கழுவுவாள். அவளும் காசும் கனவும் இட்டவளே என்பதை மறவாமல், ஒரு காலையேனும் அவளைத் தனியே வண்டியேற்றிவிட்டுத் தந்தையார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாராக.

ஏழு வயதுப் பெண்ணின் நிலை வேறு. அவள் பார்ப்பாள், நினைவில் கொள்வாள், கேள்வி கேட்பாள். ஒரு சிங்கம் ஒரு கன்றைக் கொல்வதைக் கண்டால், ‘ஏன் அப்பா?’ என்பாள். ‘கண்ணை மூடிக்கொள்’ என்பது ஒரு விடை. ‘அதன் தலையெழுத்து’ என்பது மற்றொன்று. ‘சிங்கம் கெட்டது’ என்பது மூன்றாவது. மூன்றும் பொய். உண்மையைச் சொல்லத் தந்தை முன்னரே கற்றிருக்க வேண்டும். செரெங்கெட்டியின் தெற்குப் புல்வெளியில், ஜனவரி முதல் மார்ச்சு வரையுள்ள பருவத்தில், வில்டபீஸ்ட் என்னும் மாட்டுமுக மான்கள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் ஒருசேரக் கன்றீனும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். சிறிது நேரத்தில் தாயுடன் ஓடும். அத்தனை கன்றுகளையும் சிங்கங்களாலும் கழுதைப்புலிகளாலும் தின்றுதீர்க்க இயலாது. ஆகவே மிகுந்தவை பிழைக்கும். சிங்கத்தின் வேட்டையும் பெரும்பாலும் தோற்றே போகிறது. சிங்கக்குட்டிகளில் பாதிக்குமேல் இரண்டு வயது நிரம்புமுன் மடிகின்றன. இவ்வளவையும் கேட்ட பெண் அழக்கூடும். அழட்டும். உண்மை அவளை அழவைக்கும். பொய் அவளை அறிவிலியாக்கும்.

ஆனால் அவ்விடத்தில் ஒரு பிழையான பாடம் புகுந்துவிடாதபடி காக்கவேண்டும். ‘பார்த்தாயா, வலியது மெலியதைத் தின்பதே இயற்கை’ என்று சொல்லி முடித்துவிடுபவர் உண்டு. இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் சாதியால் உயர்ந்தோம் என்பவரும் முதலால் உயர்ந்தோம் என்பவரும் நம்மை மிதித்தார்கள். சிங்கத்துக்குப் புல் செரிக்காது. ஆதலால் அது கொல்கிறது. மனிதனை மிதியாமல் மனிதனால் உயிர்வாழ முடியும். இயற்கையில் நடப்பதெல்லாம் அறம் என்றால், கன்றுக்காக நின்ற யானையும் இயற்கைதானே. அதை ஏன் அவர்கள் எடுத்துக் காட்டுவதில்லை?

குழந்தை நம் சொல்லினும் நம் செயலையே மிகுதியாகக் கற்கும். ஓட்டத்தில் நிகரற்ற சிவிங்கி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுவது; வண்டிகளின் கூட்டம் அதற்கு மிகத் துன்பம். மாசாய் மாராவில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பார்வையாளர் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய்ச்சிவிங்கி ஓர் ஈற்றில் சராசரி 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. பார்வையாளர் மொய்க்கும் பகுதிகளிலோ 0.2 தான். சராசரியாக ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி! ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாதென்று அங்கே விதியுண்டு. வண்டியோட்டி அவ்விதியை அறிவான். ஆயினும் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, ‘இன்னும் கொஞ்சம் அருகே போ, தனியாகத் தருகிறேன்’ என்று நோட்டைக் காட்டினால், வீட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் அவ்வேழை என்ன செய்வான்? அக்கை யாருடையது? ‘பிள்ளைகள் நன்றாகப் பார்க்கட்டுமே’ என்று சொல்லும் தந்தையுடையது. தன் பிள்ளை பார்ப்பதற்காகச் சிவிங்கியின் பிள்ளை சாகிறது. ஏழு வயதுப் பெண் அங்கே சிவிங்கியைப் பார்க்கமாட்டாள். பணம் கொடுத்தால் விதி வளையும் என்பதையே பார்ப்பாள். அவ்விதமின்றி, ‘அது குட்டிகளோடு இருக்கிறது, நாம் தள்ளிநிற்போம்’ என்று சொல்லித் தந்தை வண்டியைத் திருப்பச் சொன்னால், அப்பெண் ஒரு விலங்கைப் பார்க்காமல் திரும்பியிருப்பாள். ஆனால் இவ்வுலகம் தன் கண்களுக்காக மாத்திரம் அமைந்ததன்று என்னும் ஒன்றை அறிந்து திரும்பியிருப்பாள். அவ்வொன்றை அறிந்தவளுக்கு ஐம்பெரு விலங்கும் வேண்டா.

அந்நிலத்து மக்களைப்பற்றியும் ஒரு சொல். செரெங்கெட்டி என்பது எல்லையற்ற வெளி எனப் பொருள்படும் மாசாய்ச் சொல் என்பர். பெயரைத் தந்தவர்கள் அவ்வெளியில் இன்று இல்லை. ஆங்கில அரசு 1959-ஆம் ஆண்டில் மாசாய் மக்களை அங்கிருந்து நீக்கி, இங்கோரோங்கோரோவில் குடியிருக்கலாம் என்றது. நாம் மேலே போற்றிய கிரிசிமெக்கும் காட்டில் மனிதர் குடியிருக்கலாகாது என்னும் கட்சியினரே. நல்ல நோக்கமுடையவரும் ஏழையின் கூரையைக் காணத் தவறலாம் என்பதற்கு அவர் சான்று. அண்மைக் காலத்தில் இங்கோரோங்கோரோவிலிருந்தும் அம்மக்களை வேறிடம் அனுப்ப டான்சானியா அரசு முயன்றது. 2022-ஆம் ஆண்டில் லொலியோண்டோவில் எல்லைக்கற்கள் நட்டபோது மோதல் மூண்டது. காவலர் ஒருவர் மாண்டார், மாசாய் மக்கள் பலர் காயமுற்றனர். ஓரிடத்திலிருந்து பெயர்த்து ஓரிடத்தில் நடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இதனைக் கேட்டுவிட்டுப் படம்பிடித்துக்கொண்டு போய்விடலாகாது. மாரா வெளியைச் சூழ்ந்துள்ள சில காப்பகங்கள் மாசாய் நில உடைமையாளர்களுக்குக் குத்தகைப் பணம் செலுத்தி நடப்பவை. நம் பணம் அத்தகைய கைகளுக்குச் செல்லுமாறு கேட்டறிந்து செல்லலாம். சிவப்புப் போர்வை அணிந்து கன்று மேய்க்கும் சிறுவனைக் காட்டி, ‘பார், பார்’ என்று விரல் நீட்டுவதற்குமுன், லயத்து வாசலில் நின்ற நம் பாட்டன்மாரையும் ஒரு காலத்தில் வெள்ளைத் துரைமாரின் விருந்தாளிகள் அவ்வாறே பார்த்துச் சென்றதை நினைப்போமாக. விலங்கைப் பார்க்கலாம், மனிதனோடு பேசவேண்டும்.

இவற்றையெல்லாம் நண்பரோடு பல மாலைகள் பேசினோம். அவர் முதலில் முகம் வாடினார். பிறகு பட்டியலைக் கிழித்தார். மாசாய் மாராவை மகனுக்குப் பத்து வயது ஆகும்வரை ஒத்திவைத்தார். இவ்வாண்டு அட்டோவில் ஐந்து நாள் மாத்திரம் தங்குவதென்று முடிவாயிற்று. புறப்பாடு ஆடியிலேயேதான், அதில் அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, பாட்டியாரும் மறுக்கவில்லை. காய்ச்சல் இல்லாத ஊர் என்று மருத்துவரே சொன்னார் என்பதை இரண்டுமுறை கேட்டு உறுதி செய்துகொண்டபின், ‘போய் வாருங்கள்’ என்றாராம்.

இத்தகைய பிரயாணத்துக்குப் பொருளில்லாதவரே நம் வாசகரிற் பெரும்பாலார் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கும் இக்கேள்வி உரியதே. தைப்பிங் மிருகக் காட்சிசாலைக்குப் பேருந்தில் ஒரு நாள் சென்றுவரும் குடும்பத்திலும் கன்று உண்டு, களிறு உண்டு. சொல்லத் தெரியாத ஒரு மழலையும், சொன்னாலும் கேட்பாரற்ற ஒரு மூதாட்டியும் உண்டு. எங்கே சென்றாலும் புறப்படுமுன் அவ்விருவரையும் கலந்துகொண்டோமா என்று நம்மை நாமே கேட்போம். இவ்விருவரின் நடைக்கும் இடம்தராத பிரயாணம் எவ்வளவு தூரம் சென்றாலும், அது பிள்ளைகளுக்காகச் சென்ற பிரயாணம் ஆகாது.